கையேடும் பொதுச் சொத்தே!

திருப்போரூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே வடக்கே போகிறவர் கண்ணில் இரண்டு உலகங்கள் படுகின்றன. தையூர் ஏரியும் கேளம்பாக்கம் உப்பளங்களும் ஓர் உலகம். அவற்றைத் தாண்டியதும் சிறுசேரியில் எழும்பி நிற்கும் கண்ணாடி மாளிகைகள் இன்னோர் உலகம். ஒன்றிலே நாற்று நடும் கையும் உப்பு வாரும் கையும் உழைக்கின்றன. மற்றொன்றிலே கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் கை உழைக்கிறது. இரண்டுக்கும் நடுவே பத்து மைல் தூரம்கூட இல்லை.

ஆனால் கண்ணாடி மாளிகையில் எழுதப்படும் கட்டளை இன்று குடிசை வாசல் வரை வந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை கேட்பது மென்பொருள். ஆலை வாசலில் வருகை குறிப்பது மென்பொருள். நூறு நாள் வேலைத் தளத்தில் கூலியாட்களை நாளைக்கு இரண்டு தடவை படமெடுத்து அனுப்ப வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயப்படுத்தியதே, அந்தச் செல்போன் செயலியும் மென்பொருள்தான். படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. வெயிலில் மண் வெட்டியவர் நியாயம் கேட்டால், "கம்ப்யூட்டர் ஏற்கவில்லை" என்பதே பதில். அந்த வேலை உறுதிச் சட்டத்தையே நீக்கி 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

கம்ப்யூட்டர் எந்த விதிப்படி ஏற்கிறது, எந்த விதிப்படி மறுக்கிறது? அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? எந்த மொழியில் எழுதியிருக்கிறது? அதைப் படிக்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்விகளை உழைக்கும் மக்கள் கையில் எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

வாசலில் எழுதி வை!

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. மேஸ்திரி வாயில் வந்ததே சட்டமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஷிப்டு எப்போது தொடங்குகிறது, லீவு எத்தனை நாள், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை - எதுவும் எழுத்தில் இராது. தொழிலாளி வர்க்கம் போராடித்தான் அந்த இருட்டைக் கிழித்தது. 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டப்படி, வேலை விதிகளை முதலாளி எழுத்தில் வைத்து, அதிகாரியிடம் சான்று பெற்று, தொழிலாளர் நுழையும் வாசலில் பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. இங்கிலீஷில் மட்டுமல்ல, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டியிருந்தது.

எழுத்தில் வேண்டும், வாசலில் வேண்டும், நம் மொழியில் வேண்டும். அந்த மூன்றும் தானாகக் கிடைத்த வரங்கள் அல்ல. அதனால்தான் அவற்றைப் பறிக்கவும் பார்க்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இருந்த நிலையாணைக் கட்டாயத்தை முந்நூறு பேர் உள்ள இடத்துக்கு என்று உயர்த்திவிட்டது. சிறிய ஆலைகளின் தொழிலாளி மீண்டும் வாய்மொழிச் சட்டத்துக்குள் தள்ளப்படுகிறார்.

அன்று மேஸ்திரியின் வாயில் இருந்த விதி இன்று மென்பொருளின் வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆகவே அன்றைய கோரிக்கையை இன்றைய யந்திரத்தின் மீதும் வைக்க வேண்டும்.

பூட்டு திறந்தது, வழி தெரிந்ததா?

மென்பொருளிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்து, வாடகைக்கு விடுவது ஒன்று. எவரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் வைப்பது மற்றொன்று. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், ஆயிரக்கணக்கானவர்களின் கூட்டுழைப்பால் வளர்ந்து, இன்று உலகெங்கும் இணையத்தைச் சுமந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு செல்போன் ஒவ்வொன்றின் அடியிலும் அது ஓடுகிறது. பொது உழைப்பில் பொதுச் சொத்து உருவாக முடியும் என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டுமா?

ஆனால் பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு புதிய நெல் ரகத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, எந்தப் பட்டத்தில் விதைப்பது, எத்தனை நாளில் களை எடுப்பது, எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் போனால் விவசாயிக்கு என்ன பயன்? மென்பொருளுக்கும் அப்படித்தான். எப்படி நிறுவுவது, எப்படி இயக்குவது, தவறு நேர்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்று எழுதிய கையேடு வேண்டும். அது இல்லாத இடத்தில் மென்பொருள் பெயருக்குத்தான் பொதுச் சொத்து. நடைமுறையில் இங்கிலீஷ் படித்த நாலு பேரின் சொத்து. இதை உணர்ந்தே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார், கையேடும் கட்டற்றதாக இருக்க வேண்டுமென்று வற்புறுத்தி, 2000-ம் ஆண்டில் கையேடுகளுக்கென்றே தனி உரிமம் ஒன்றை வெளியிட்டார்கள்.

கல்வெட்டும் நிலைப் பக்கமும்

இந்தக் கையேடுகள் இணையத்தில் பெரும்பாலும் "நிலைப் பக்கங்கள்" என்ற முறையில் வைக்கப்படுகின்றன. தாலுகா ஆபீசில் குமாஸ்தா உட்கார்ந்து, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ரிகார்டைத் தேடி எடுத்துப் புதிதாக எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு முறை. எல்லோருக்கும் தேவையான விவரத்தை முன்கூட்டியே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுவது இன்னொரு முறை. இரண்டாவதே நிலைப் பக்கம். கூட்டம் பெருகினாலும் திணறாது. உடைத்துத் திருட உள்ளே பெட்டகம் ஏதும் இல்லை. மலிவான செல்போனிலும் சட்டென்று திறக்கும். பென்டிரைவில் போட்டு இணையமே எட்டாத கிராமத்துக்கும் எடுத்துப் போகலாம். அதே எழுத்தைப் புத்தகமாகவும் அச்சடிக்கலாம்.

நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த உத்திரமேரூரில் இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமையான முன்மாதிரி இருக்கிறது. 919, 921-ம் ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியத்துக்கும் மற்ற வாரியங்களுக்கும் குடவோலை எடுத்து ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனால் யாருக்காக வெட்டினார்கள்? கால் வேலிக்கு மேல் நிலம் உடையவருக்கே வாரியத்தில் இடம். வேதம் கற்றவராயிருந்தால் அரைக்கால் வேலி போதுமாம். உழுதவருக்கோ ஏரியில் மண் சுமந்தவருக்கோ இடமில்லை! எழுதி வைத்தால் மட்டும் போதாது. யாருக்காக, யார் படிக்கும்படி எழுதி வைக்கிறோம் என்பதே வர்க்கக் கேள்வி.

இந்தப் பக்கங்களைக் கட்டும் வேலை மந்திர வித்தை அல்ல. முதலில் கையேட்டைச் சாதாரண எழுத்தாக எழுதுகிறார்கள். இது தலைப்பு, இது பட்டியல் என்று சிறு குறிகள் மட்டும் இடுவார்கள். 2004-ல் வந்த மார்க்டவுன் என்ற எளிய குறிமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பிறகு அந்த எழுத்தைக் கிட் என்ற பதிவேட்டில் வைக்கிறார்கள். 2005-ல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இது, யூனியனின் மினிட் புத்தகம் போன்றது. எந்த வரியை, யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார் என்பது அதில் நிற்கும்; மாற்றியதை எளிதில் மறைக்க முடியாது. அடுத்து, அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் படிவத்தில் முடுக்குவது போல, ஒரு கருவி எல்லா எழுத்தையும் பக்கங்களாக்கி, உள்ளடக்கமும் தேடுபொறியும் சேர்த்துத் தருகிறது. பைத்தான் மொழியின் கையேட்டுக்காகத் தோன்றி 2008-ல் வெளிவந்த ஸ்பிங்ஸ் அப்படிப்பட்ட ஒரு கருவி. கடைசியில் பக்கங்களைக் கொண்டுபோய் ஒரு சர்வரில் வைத்துவிட்டால் உலகமே படிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலவசமாக இடம் தருகிறார்கள் என்று பலரும் தங்கள் பக்கங்களைக் கிட்ஹப் என்ற தளத்தில் வைக்கிறார்கள். அந்தத் தளத்தை 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 750 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. குடிசை நம்முடையது, மனை மிராசுதாருடையது என்ற நிலையை நம் விவசாயத் தொழிலாளர் நன்கு அறிவார்கள். 1971-ம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வரும்வரை எத்தனை பேர் அப்படி அஞ்சி வாழ்ந்தார்கள்! நல்ல வேளையாக, நிலைப் பக்கங்களை ஒரே மாலையில் கட்டி எடுத்து வேறு சர்வரில் குடியேற்றிவிடலாம். அதற்குத் தளத்தின் முகவரி நம் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். மூலப் பிரதி நம் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எவரிடமும் விட்டுவிடக் கூடாது.

ஏரியை வெட்டினால் போதுமா?

செங்கற்பட்டு ஏரிகளின் ஜில்லா. ஏரியை வெட்டுவது ஒரு தடவை. தூர் வாருவதும் கரை பார்ப்பதும் மதகைச் செப்பனிடுவதும் வருஷா வருஷம். கையேடும் அப்படியே. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று இருந்த பொத்தான் நாளை இடம் மாறும். கட்டளையின் பெயர் மாறும். கையேடு மாறாவிட்டால் அது பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் கையேடு, கையேடே இல்லாததைவிடக் கெடுதல்.

ஆகையால் ஒழுங்காக நடக்கும் குழுக்களில் சில நியதிகள் உண்டு. மென்பொருளை மாற்றுகிறவர் அதே கையோடு கையேட்டையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது எந்தப் பதிப்புக்கு உரியது என்று போட வேண்டும். பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கும் ஏழைப் பள்ளிக்காகப் பழைய பதிப்பின் கையேட்டையும் அழிக்காமல் வைக்க வேண்டும். செத்துப்போன இணைப்புகளைத் தேடிக் களைய வேண்டும். ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசி வரை ஆள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விஷயம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் எந்த வரியில் தடுக்கி நிற்கிறார் என்று பார்த்து, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

தமிழில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பழந்தமிழ் நூல்களை எளிய பக்கங்களாக இணையத்தில் ஏற்றினார்கள். ஏற்றியதோடு வேலை முடியவில்லை. அன்றிருந்த திஸ்கி எழுத்துமுறை வழக்கொழிந்து யூனிகோடு வந்தபோது நூல்களை அதற்கும் மாற்ற வேண்டியிருந்தது. பராமரித்தார்கள், ஆகவே கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அவை படிக்கக் கிடைக்கின்றன.

தண்ணீர் யாருக்கு?

இந்த மராமத்தையெல்லாம் செய்கிறவர் யார்? பெரும்பாலும் பகலில் கூலிக்கு உழைத்துவிட்டு இரவில் பொது நலத்துக்காகக் கண் விழிக்கும் தொண்டர்கள். அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் "குடிமராமத்து" என்ற இனிய பெயரின் அடியில் என்ன நடந்தது என்பதை மறந்துவிடவும் மாட்டோம். 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஏரிக்கரை மராமத்துக்கு வர மறுத்தவர்களைத் தண்டிக்க வழி செய்தது. மண் சுமந்தவர் பண்ணையாள். தண்ணீர் பாய்ந்ததோ மிராசுதார் வயலில்!

அதே கதை இன்று இணையத்தில் நடக்கிறது. இணையத்தில் பணப் பரிமாற்றத்தைப் பாதுகாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற மென்பொருளில் 2014-ல் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்து வங்கிகளும் கம்பெனிகளும் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்!

கையேடுகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் தாங்கி நிற்கும் ரீட் த டாக்ஸ் என்ற தளம் 2024-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு யந்திரங்களுக்குத் தீனி சேர்க்கும் ஒரே ஒரு சுரண்டு நிரல், அந்த வருஷம் மே மாதத்தில் மட்டும் 73 டெராபைட் அளவுக்கு அந்தப் பக்கங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. நாளைக்கு 2 ஜி.பி. செல்போன் திட்டம் வைத்திருக்கும் தொழிலாளி அதைச் செலவழிக்க நூறு வருஷமாகும்! அதற்கான பில் 5,000 டாலருக்கு மேல். அள்ளியது ஒருவர்; பில் வந்தது பொதுத் தளத்துக்கு.

டெயில்விண்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் நிலையைப் பாருங்கள். அதன் கையேட்டைத் தேடி வருகிறவர்களால்தான் அந்தச் சிறு கம்பெனிக்கு வருமானம். செயற்கை நுண்ணறிவு யந்திரமே விடை சொல்லத் தொடங்கியதும், 2023-ன் தொடக்கத்தோடு ஒப்பிட, கையேட்டுக்கு வருவோர் நூற்றுக்கு 40 பங்கு குறைந்தார்கள். வருமானம் நூற்றுக்கு 80 பங்கு விழுந்தது. 2026 ஜனவரியில் பொறியாளர் நால்வரில் மூவர் வேலை இழந்தார்கள். மென்பொருளின் உபயோகமோ முன்னெப்போதையும்விட அதிகம்! செய்தி பரவிய பிறகுதான் சில பெரிய கம்பெனிகள் நன்கொடை என்று கை நீட்டின.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. மேலே சொன்ன மார்க்டவுன் குறிமுறையை உருவாக்க உதவியவர்களில் ஒருவர் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பெருவாரியாகப் பிரதி எடுத்தார் என்பதற்காக, 35 வருஷச் சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும் வரை விதிக்கத்தக்க வழக்கை அமெரிக்க சர்க்கார் 2011-ல் அவர் மீது தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2013 ஜனவரியில், 26-ம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு தனி மனிதன் எடுத்தால் திருட்டு. ஏகபோகம் எடுத்தால் தொழில் முன்னேற்றம்! முதலாளித்துவ நீதியின் தராசு இதுதான்.

நாம் கேட்பது என்ன?

தமிழில் தொண்டுக்குக் குறைவில்லை. 2012-ல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது. அதில் நித்யா எழுதிய "எளிய தமிழில்" நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம், பகிரலாம். விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது. ஆனால் தொண்டை நம்பி சர்க்கார் தன் கடமையைக் கை கழுவ விடலாமா? பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளை ஓட்டுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமென்று அந்த மாநில சர்க்காரின் கைட் நிறுவனம் 2019-ல் கூறியது. பொதுப் பணத்தில் பாடமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்ததால்தான் அது முடிந்தது.

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: மக்கள் பணத்தில் எழுதப்படும் மென்பொருள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். சர்க்கார் மென்பொருள்களின் மூலத்தைத் திறந்து வைக்கும் கொள்கையை மத்திய சர்க்காரே 2015-ல் அறிவித்தது. அது காகிதத்தில் தூங்கக் கூடாது.

இரண்டு: அத்தகைய மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தமிழ்க் கையேடு, மலிவான செல்போனில் திறக்கும் நிலைப் பக்கங்களாக, மென்பொருள் வரும் அன்றே வர வேண்டும். 1956-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கோப்புக்குப் பொருந்துமானால் கம்ப்யூட்டருக்கும் பொருந்த வேண்டும்.

மூன்று: கையேடு எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் பராமரிப்பதும் உழைப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகமும் எல்காட்டும் இதற்கு நிரந்தர வேலைகளை உண்டாக்கி, முறையான சம்பளம் தர வேண்டும்.

நான்கு: பொதுக் கையேடுகளை அள்ளிச் செல்லும் பெருங்கம்பெனிகள் அந்தத் தளங்களின் செலவை ஏற்கும்படி சட்டம் வேண்டும்.

ஐந்து: வருகையும் கூலியும் கணக்கிடும் மென்பொருளின் விதிகள், ஆலை வாசலிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

சிறுசேரியில் உழைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் வேறாக இருக்கலாம், வர்க்கம் வேறல்ல. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தபோது, கண்ணாடி மாளிகைக்கும் உப்பளத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவென்று எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்குத் தெரிந்த தொழிலை உங்களைப் பெற்ற மொழியில் எழுதுங்கள். கேளம்பாக்கத்திலும் தையூரிலும் உங்கள் எழுத்தைப் படித்துப் பார்த்து, "இந்த வரி புரியவில்லை" என்று சொல்லத் தொழிலாளர் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வதும் கையேட்டை உருவாக்கும் உழைப்பே. யூனியன் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அதற்கென ஒரு மாலையை ஒதுக்க வேண்டும்.

யந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு யந்திரத்தின் விதி தெரியக் கூடாது என்பது முதலாளியின் ஆசை. அந்த விதியைப் பொதுச் சுவரில், தமிழில், பிழையின்றி, காலம் தவறாமல் எழுதி வைப்பது நம் கடமை. ஏரி பொது, ஏரியின் மதகும் பொது, மதகைத் திறக்கும் முறையும் பொதுவாகட்டும்!